நிற்கும்போது வந்த வாடை

உடம்பு முடியாத ஒரு அக்காவை, இரண்டு வாரம் மதுரைக்குப் போகும் வழியெல்லாம் குடலைப் புரட்டி வாந்தியெடுக்க வைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. உதவி செய்வதாக நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தேன். அதற்காக அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டு மறந்து போயிருப்பேன். என் குணம் அப்படி.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில், எனக்கு ஒரு சின்ன ஒர்க் ஷாப் இருந்தது. பழைய கார்களில் கார்புரேட்டர் வேலை என்றால் சுற்று வட்டாரத்தில் என்னிடம்தான் வருவார்கள். விளாத்திகுளத்திலிருந்தெல்லாம் வருவார்கள். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். ஒரு ஸ்க்ரூவைக் கால் திருகு இப்படி, அரைத் திருகு அப்படி. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பக்கத்தில் நின்று யோசனை சொல்லுகிறவர்களை, "அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க" என்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷத்துக்குள் ஊருக்குள் புது மாதிரி வண்டிகள் வர ஆரம்பித்தன. கார்புரேட்டர் கிடையாது. டேங்குக்குள்ளேயே ஒரு மோட்டார். அது பெட்ரோலை அழுத்தித் தள்ளும். இன்ஜெக்டர் அதைப் பூஞ்சாரலாக உள்ளே பீய்ச்சும். எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு பண்ணும். அதில் திருகுவதற்கு எனக்கு ஒரு ஸ்க்ரூ கூட வைக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே அப்படிப்பட்ட வண்டி வந்தால், "மதுரைக்குக் கொண்டு போங்க அண்ணாச்சி, இது நமக்கு ஆகாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு வண்டி விக்கி விக்கி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பசுவந்தனைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஆடு வளர்க்கிற குடும்பம், கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. பின் சீட்டில் அவருடைய வீட்டம்மா துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். நான் வழக்கம்போல மதுரைக்குக் கை காட்டினேன்.

"மதுரைல இருந்துதான் அண்ணாச்சி வாரோம்" என்றார் அவர். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அக்காவுக்குக் கட்டி எடுத்து, இப்போது கரண்டு வைக்கிறார்கள். ஊர்ப்பக்கம் கதிர்ச் சிகிச்சையை அப்படித்தான் சொல்லுவோம். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை. விடாமல் வைத்தால்தான் பலன் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். பஸ் நெரிசலில் உட்கார முடியவில்லை என்று, சென்னையில் இருக்கிற அக்காவின் தம்பி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"மூணு நாள் ஒழுங்காப் போச்சு. இன்னைக்கு சாத்தூர் தாண்டி வண்டி படுத்துட்டு. தட்டித் தடவிப் போய்ச் சேரும்போது மிஷின நிறுத்திட்டாவ. ஒரு நாள் போச்சே அண்ணாச்சி." எனக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க, இங்கன நிறுத்துங்க" என்றேன். தெரியாத வேலையில் அப்படித்தான் கை வைத்தேன்.

அன்றைக்குப் பிளக் எல்லாம் கழற்றித் துடைத்தேன், ஃபில்டரை மாற்றினேன். வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்து, "பரவாயில்ல, ஆனா மேட்டுல இழுக்க மாட்டேங்கு" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். இன்ஜினுக்குப் போதுமான அழுத்தத்தில் பெட்ரோல் வரவில்லை, அவ்வளவுதான். மோட்டார் தள்ளுகிற பெட்ரோலில் இன்ஜினுக்கு வேண்டியது போக மிச்சம் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகிறது. அதை ரிட்டன் குழாய் என்போம். அந்தக் குழாயைக் கொஞ்சம் நெரித்தால்?

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் குடிதண்ணீர் வருவதே எண்ணிப் பத்து நாளைக்கு ஒருமுறை. குழாயை ரோட்டு மட்டத்தில் வைத்தால் சொட்டும். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அடியில் குழாயை வைத்து, உள்ளே இறங்கிக் குடம் பிடிப்போம். எங்கள் வீடு தெருவின் கடைசி. எங்களுக்கு முன்னால் இருக்கிற மேல்வீட்டுக்காரர்கள் பிடித்து முடித்துத் திருகை மூடினார்கள் என்றால் எங்கள் பள்ளத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். "மூடுங்களேன் மதினி, எங்களுக்கும் வரட்டும்" என்று என் வீட்டுக்காரி பள்ளத்துக்குள் நின்றுகொண்டு கத்துவாள். அழுத்தம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பாயும்.

ரிட்டன் குழாயில் ஒரு இரும்பு கிளிப்பைப் போட்டு, பாதி நெரிகிற அளவுக்கு இறுக்கினேன். வண்டியை எட்டயபுரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா, என்ன பிக்கப்! மேட்டிலெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. ஸ்க்ரூ இல்லாத வண்டிக்கு நானே ஒரு ஸ்க்ரூ வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை. அளப்பதற்கு என்னிடம் கேஜே கிடையாது. காது இருக்கும்போது கேஜ் எதற்கு என்பது என் எண்ணம்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த அண்ணாச்சி தினமும் ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டுப் போவார். நானும் கம்பீரமாகக் கையைத் தூக்குவேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. மதுரையிலிருந்து திரும்புகிற வழியில் வண்டி என் வாசலில் நின்றது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். அண்ணாச்சி மட்டும் இறங்கி வந்தார்.

"வண்டி ஜம்முன்னு போவுது அண்ணாச்சி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஆனா இனிமே தேவைப்படாது. அவ போதும்ங்கா."

"போதும்னா?"

"பதினாலு முடிஞ்சிருக்கு. இன்னும் பதினொண்ணு இருக்கு. வாந்தி எடுத்து எடுத்து ஒடம்புல ஒண்ணுமில்ல. டாக்டரும் மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்துட்டாரு. செத்தாலும் வீட்லயே சாவுதேன், இனி இந்த ரோட்டுல என்னயக் கூட்டிட்டுப் போவாதீங்கன்னு சாத்தூர்ல வச்சே சொல்லிட்டா." அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "மச்சினன வந்து வண்டிய எடுத்துக்கிடச் சொல்லணும்."

பின் சீட்டுப் பக்கம் போனேன். அக்கா துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. எல்லாரும் சொல்லுவதையே நானும் சொன்னேன். "கரண்டு வச்சா அப்படித்தாங்க்கா இருக்கும். ஒடம்பு வாகு. பல்லக் கடிச்சிக்கிட்டு முடிச்சிருங்க."

அவர் துண்டை லேசாக இறக்கினார். "போவும்போதே வருதே தம்பி. கரண்டு வைக்கதுக்கு முன்னாடியே வருதே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வண்டி ஓடும்போது இல்ல. ரயில்வே கேட்ல நிக்கும்போது வருது. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது வருது. பெட்ரோல் வாடை."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் பாத்த வண்டியில பெட்ரோல் வாடையா? எங்கயாவது ஒரு சொட்டு ஒழுகுதுன்னு காட்டுங்க, இந்தத் தொழில விட்டுருதேன்." நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"வையுதேன்னு நெனைக்காதீங்க தம்பி. வாய்க்கு வந்துட்டு, சொன்னேன்" என்று அவர் மறுபடியும் துண்டைத் தூக்கிக்கொண்டார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் போனட்டைத் திறந்தேன். அண்ணாச்சியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஒவ்வொரு ஜாயின்டாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. "பாத்தீங்களா" என்று சொல்ல வாயைத் திறந்தவன், நிறுத்திக்கொண்டேன். நிற்கும்போது மட்டும் வருகிறது என்றாரே. வாடை என்றால் எப்போதும் வர வேண்டும். அதென்ன நிற்கும்போது மட்டும்? ஒர்க் ஷாப்பில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ புகார் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு கணக்காக யாரும் சொன்னதில்லை.

பெட்ரோல் வருகிற பாதையின் கடைசியில் ஒரு சின்னத் தகர டப்பி இருக்கும். ரெகுலேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் மெல்லிசான ரப்பர் சவ்வும். அழுத்தம் கூடினால் சவ்வு விலகி, மிச்சப் பெட்ரோலை ரிட்டன் குழாய்க்கு விடும். அந்த டப்பியின் தலையிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இன்ஜினுக்குப் போகிறது. அதில் ஓடுவது வெறும் காற்றிழுப்பு. வண்டி ஓரிடத்தில் நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போதுதான் அந்த இழுப்பு அதிகம். பெட்ரோலுக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமே கிடையாது. அதனால் நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் பெட்ரோல் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் நூல் மாதிரி.

சவ்வு கிழிந்திருந்தது. முதல் நாளே லேசாகக் கிழிந்திருக்க வேண்டும்; அதனால்தான் அழுத்தம் குறைந்து வண்டி விக்கியது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நான், ரிட்டன் குழாயை நெரித்து அழுத்தத்தை ஏற்றி, இருந்த சின்னக் கிழிசலைப் பெரிய கிழிசலாக்கி வைத்திருக்கிறேன். வண்டி நிற்கும்போதெல்லாம் இன்ஜின் அந்த ஓட்டை வழியாகப் பச்சைப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தள்ளுகிறது. அந்தப் புகை வண்டிக்குள் வருகிறது. எங்கள் தெருவில் மேல்வீட்டுத் திருகை மூடினால் எங்கள் குழாயில் பாயும் என்பது மட்டுமா எனக்குத் தெரியும்? பழைய ஜாயின்டில் தண்ணீர் பீய்ச்சிச் சுவரெல்லாம் நனையும் என்பதும் தெரியும். வீட்டில் தெரிந்தது ஒர்க் ஷாப்பில் தெரியாமல் போயிற்று. தீப்பிடிக்காமல் இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

ஒன்றும் சொல்லாமல் சரிபண்ணிக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வந்தது. ஆனால் அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சாவதற்குத் துணிந்து உட்கார்ந்திருக்கிறார். கையைத் துடைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"அக்கா, கோளாறு உங்க ஒடம்புல இல்ல. வண்டியில. நான்தான் பண்ணுனேன்."

நான் கிளிப் போட்டது, சவ்வு கிழிந்தது எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்றும் கேட்டேன். அப்போதும் குற்றத்தில் பாதியை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன் பாருங்கள்.

"அவிய ஊரெல்லாம் உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுதாவ" என்றார் புருஷனைக் காட்டி. "வண்டி நல்லா ஓடுதுன்னு அவியளுக்கு ஒரு சந்தோசம். எங்க வீட்ல இப்ப சந்தோசப்பட வேற என்ன கெடக்கு? அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"திங்கக்கிழமைக்குள்ள சரிபண்ணிருவேன்க்கா. ஒரே ஒரு தடவ வந்து பாருங்க. அதுக்கப்புறமும் வாடை வந்தா, நீங்க சொன்னதுதான்."

"பாப்போம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவரின் டாக்ஸியில் இரண்டு பேரையும் ஏற்றி ஊருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கி அந்த வண்டிக்கே உரிய ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பினேன். டிராக்டர் வேலை பார்க்கிற நண்பனிடம் ஆயில் பிரஷர் பார்க்கிற கேஜை இரவல் கேட்டேன். "ஒனக்கு எதுக்குலே கேஜு, காது என்னாச்சு?" என்று அவன் சிரித்தான். "அது அவிஞ்சு போச்சு, குடு" என்று வாங்கி வந்தேன்.

புது ரெகுலேட்டரை மாட்டி, கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோல் பாதையில் கேஜைக் கோத்தேன். சாவியைப் போட்டதும் முள் ஏறி மூன்று கிலோ அழுத்தத்தில் நின்றது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். முள் இறங்கி இரண்டரைக்கு வந்தது. டப்பியின் தலையில் இருக்கிற ரப்பர் குழாயைப் பிடுங்கினேன், திரும்ப மூன்று. மாட்டினேன்; இரண்டரை. பச்சைப் பிள்ளை மாதிரி பத்துத் தடவை பிடுங்கிப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். நிற்கும்போது அழுத்தத்தைக் குறைத்து, இழுக்கும்போது கூட்டித் தருகிறது அந்தச் சின்ன டப்பி. மேட்டில் ஏறினால் இவ்வளவு, கேட்டில் நின்றால் இவ்வளவு என்று அதுவே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் எனக்கு ஸ்க்ரூ வைக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் புது வண்டிகள் மேல் இருந்த கோபம் எனக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். பங்குனி வெயில் அப்போதே ஏறிவிட்டது. அவர்கள் வீட்டருகே களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை அங்கே நிறுத்தினேன். அக்கா வெளியே வந்து, "இங்கன வச்சா மிளகா நெடியில ஒண்ணும் தெரியாது தம்பி. அங்கன, ஆட்டுக் கெடைப் பக்கம் கொண்டு போங்க" என்றார். ஆட்டுவாடை அவருக்கு வாடையே இல்லை.

கிடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டேன். அக்கா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வாங்கப் போன அன்றைக்குக் கூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். "இருக்கு தம்பி" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கேஜ் சரியாகக் காட்டியதே, எல்லாம் சரியாக இருந்ததே என்று உள்ளுக்குள் அலறினேன். அண்ணாச்சி முகம் செத்துவிட்டது.

"கொஞ்சம் எறங்குங்க தம்பி" என்றார் அக்கா. இறங்கினேன். "இன்னும் தள்ளிப் போங்க." போனேன். "இன்னுங் கொஞ்சம்." ஆட்டுக்குட்டிகள் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"இப்ப இல்ல" என்றார். "அது வண்டி இல்ல தம்பி. நீங்கதான்."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் ஆடுகளெல்லாம் மிரண்டுபோய்க் கத்தின. நானும் சிரித்தேன். அக்காவுக்கும் சிரிப்பு வந்து, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் கண்ணைத்தான் துடைத்தார். அதற்கப்புறம் முழுசாக அரைமணி நேரம், ஓடுகிற இன்ஜினோடு அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது புருஷனிடம், "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார்.

மிச்சம் பதினொன்றும் ஒரு நாள் தவறாமல் முடிந்தது. வாந்தி அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். கரண்டு வைத்த பிறகு ஒன்றிரண்டு நாள் எடுத்திருக்கிறார். ஆனால் போகும்போது எடுக்கவில்லை. அடுத்த வருஷமே அவர் ஆட்டுக்குப் பின்னால் நடந்து போவதைப் பசுவந்தனை ரோட்டில் நானே பார்த்தேன். அந்தப் பக்கத்தில் புது மாதிரி வண்டி வைத்திருந்தவர்களை எல்லாம், "அந்தத் தம்பிட்ட போங்க, தப்புப் பண்ணுனா ஒத்துக்கிடுவாரு" என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். அதற்குப் பிறகு அளக்காமல் நான் எந்த வண்டியையும் தொட்டதில்லை. வாய் திறந்து யார் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்காமல் போனட்டைத் திறந்ததும் இல்லை. இதையெல்லாம் அந்த அக்காவிடம் நேரில் சொல்லி ஒரு கும்பிடு போட வேண்டும் என்று நினைப்பேன். பார்க்கும்போது வாய் வராது.

கடைசி நாளன்றைக்கு, இருபத்தைந்தும் முடித்துவிட்டுத் திரும்புகிற வழியில், என் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "ரெண்டு வாரம் உங்களப் பாடாப்படுத்துனவன் நான். திரும்பவும் என் பேச்ச நம்பி எப்படிக்கா வண்டியில ஏறுனீங்க?"

அக்கா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"டாக்டரும் என் ஒடம்புலதான் கோளாறுன்னாரு. இவியளும் அதையே சொன்னாவ. சொந்தக்காரவிய எல்லாரும் சொன்னாவ. எனக்கே அப்படித்தான் ஆயிப்போச்சு. கோளாறு ஒன்ட்ட இல்லன்னு சொன்னது நீங்க ஒரு ஆளுதான் தம்பி."